காரைக் காட்டி ரயிலை மறிக்கும் கனவான்கள்!

அமெரிக்காவில் அதிவேக ரயில் விடலாமா, கூடாதா என்று பல வருஷமாக ஒரு வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. “இது கார் நாடு. வீட்டுக்கு வீடு கார் நிற்கிறது. ரயில் விட்டால் ஏற ஆள் ஏது? பணம்தான் பாழ்!” என்று அங்குள்ள முதலாளிகளின் பத்திரிகைகளும் அரசியல் கனவான்களும் ஓதிக்கொண்டிருக்கிறார்கள். 2025 ஜூலையில் டிரம்ப் சர்க்கார், கலிபோர்னியா ராஜ்யத்தின் அதிவேக ரயிலுக்கு ஒதுக்கியிருந்த சுமார் 400 கோடி டாலரை ரத்து செய்ததும் இந்தப் பாட்டு இன்னும் உரத்துக் கேட்டது.

“அமெரிக்காக்காரன் காரில் போனால் என்ன, ரயிலில் போனால் என்ன? நமக்கென்ன வந்தது?” என்று ஆலைத் தோழர் ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் வேலைக்குப் போகும் வழி யார் கையில் இருக்கிறதோ, அவன் கை உழைப்பாளியின் கூலிப் பையிலும் இருக்கிறது. இது எல்லா நாட்டுக்கும் பொருந்தும். ஆகவே இந்த வழக்கை நாமும் விசாரிப்போம்.

கார் நாடு ஆனது எப்படி?

அமெரிக்கா பிறக்கும்போதே காருடன் பிறக்கவில்லை. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தையும் சுற்றியுள்ள ஊர்களையும் ஒரு காலத்தில் மின்சார டிராம்கள் இணைத்தன. அவற்றை நடத்தியதும் தனியார் கம்பெனிகள்தான். லாபம் குறைந்ததும் பராமரிப்பைக் கைவிட்டார்கள். நலிந்து கிடந்த டிராம் கம்பெனிகளை நாடெங்கும் பல நகரங்களில் வளைத்துப் போட்டது நேஷனல் சிட்டி லைன்ஸ் என்ற கம்பெனி. அதற்குப் பணம் போட்டவர்கள் யார்? கார், பஸ் செய்யும் ஜெனரல் மோட்டார்ஸ், டயர் செய்யும் பயர்ஸ்டோன், பெட்ரோல் விற்கும் ஸ்டாண்டர்டு ஆயில் ஆப் கலிபோர்னியா! தண்டவாளம் போய் பஸ் வந்தது. அந்த பஸ்ஸுக்கு வேண்டிய வண்டி, டயர், எண்ணெய் எல்லாம் இவர்களிடம்தான் வாங்க வேண்டும் என்று ஏற்பாடு. இந்த வியாபாரச் சதி 1949ல் கோர்ட்டில் ருசுவாயிற்று. தண்டனை? கம்பெனிக்கு 5,000 டாலர் அபராதம். அதிகாரிகளுக்குத் தலைக்கு ஒரு டாலர்!

அடுத்து வந்தது 1956ஆம் வருஷத்து நெடுஞ்சாலைச் சட்டம். 41,000 மைல் சாலை. 2,500 கோடி டாலர். செலவில் 90 சதவிகிதம் மத்திய சர்க்கார் பொறுப்பு. அன்றைய யுத்த மந்திரி சார்லஸ் வில்சன், ஜெனரல் மோட்டார்ஸின் தலைவராக இருந்தவர். சாலைத் திட்டத்தைத் தயாரித்த கமிட்டியின் தலைவர் லூசியஸ் கிளே, அதே கம்பெனியின் டைரக்டர்! இந்தச் சாலைகளுக்காகப் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட ஜனங்கள் வீடிழந்தார்கள். டெட்ராய்ட்டில் கறுப்பு மக்களின் குடியிருப்புகள் போயின. லாஸ் ஏஞ்சல்சில் மெக்சிகோ வம்சாவளித் தொழிலாளர் வாழ்ந்த பாயில் ஹைட்ஸ் பகுதியைச் சாலைகள் கூறுபோட்டன.

காலை ஒடித்தவனே கோர்ட்டில் ஏறி, “இவனுக்கு நடக்கவே பிடிக்காது” என்று சாட்சி சொல்கிறான். “அமெரிக்க மக்கள் காரை நேசிக்கிறார்கள்” என்ற வாதத்தின் லட்சணம் இதுதான். லாஸ் ஏஞ்சல்சிலிருந்து லாங் பீச்சுக்கு ஓடிய டிராம் 1961ல் நிறுத்தப்பட்டது. 1990ல் பெரும்பாலும் அதே வழியில் மறுபடி தண்டவாளம் போட்டு மின்சார ரயில் விட்டார்கள். கார் மட்டும் போதும் என்றால் இது எதற்கு?

கார் என்னும் இரண்டாவது எஜமான்

அமெரிக்க மத்திய சர்க்காரின் குறைந்தபட்சக் கூலி, மணிக்கு 7.25 டாலர். 2009க்குப் பிறகு ஒரு காசு உயரவில்லை. வாரம் 40 மணி நேரம் வீதம் ஒரு வாரமும் விடாமல் வருஷம் முழுவதும் உழைத்தால் 15,080 டாலர். அந்நாட்டு மோட்டார் சங்கம் போட்ட கணக்குப்படி, புதிய கார் ஒன்றை வாங்கி வைத்து ஓட்ட வருஷத்துக்கு 11,000 டாலருக்கு மேல் ஆகிறது! பழைய வண்டி வாங்கினாலும் பெட்ரோல், இன்சூரன்ஸ், ரிப்பேர் என்று கூலியைத் தின்கிறது. வண்டி நின்றால் வேலை போச்சு. இதற்குத்தான் “சுதந்திரம்” என்று பெயர் சூட்டியிருக்கிறார்கள்.

வண்டி வாங்க வழியில்லாதவன் கதி என்ன? கலிபோர்னியாவின் மத்திய பள்ளத்தாக்கில் திராட்சையும் தக்காளியும் பறிக்கும் விவசாயத் தொழிலாளர்கள், கங்காணி போன்ற ஆட்களின் வேனில் காசு கொடுத்து ஏறித்தான் வயலுக்குப் போக வேண்டும். 1999 ஆகஸ்டில் பிரெஸ்னோ ஜில்லாவில், தக்காளி வேலை முடித்துத் திரும்பிய அப்படியொரு வேன் லாரியில் மோதி 13 தொழிலாளர்கள் மாண்டார்கள். வேனுக்குள் ஒழுங்கான ஆசனம் இல்லை, பெஞ்சுப் பலகை. பெல்ட்டும் இல்லை. அவர்கள் காரை நேசித்துச் சாகவில்லை. வயலுக்குப் போக வேறு வழியில்லாமல் செத்தார்கள்! அமெரிக்கச் சாலைகளில் வருஷத்துக்கு ஏறத்தாழ 40,000 பேர் சாகிறார்கள்.

மாமியார் உடைத்தால் மண்குடம்!

“ரயில் லாபம் தராது, சர்க்கார் பணத்தைத் தின்னும்” என்கிறார்கள். சாலை எந்த லாபத்தில் ஓடுகிறது? அமெரிக்காவில் மத்திய பெட்ரோல் வரி காலனுக்கு 18.4 சென்ட். 1993க்குப் பிறகு உயர்த்தவில்லை. சாலை நிதி வற்றியதும் 2008 முதல் பொதுக் கஜானாவிலிருந்து 25,000 கோடி டாலருக்கு மேல் கொட்டியிருக்கிறார்கள். கார் இல்லாதவன் கொடுத்த வரியும் அதில் உண்டு. சாலைக்குக் கொட்டினால் தேச வளர்ச்சி; ரயிலுக்குக் கொடுத்தால் ஊதாரித்தனம்! மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம்.

“எங்கள் நாடு மிகப் பெரியது” என்பது இன்னொரு சாக்கு. நியூயார்க்கிலிருந்து லாஸ் ஏஞ்சல்சுக்கு விமானத்துக்குப் பதில் ரயிலில் போ என்று யார் சொன்னது? லாஸ் ஏஞ்சல்சுக்கும் சான் பிரான்சிஸ்கோவுக்கும் இடையே சுமார் 600 கிலோமீட்டர். ஏறத்தாழ நம் சென்னை – திருநெல்வேலி தூரம். அதிவேக ரயிலுக்கு அளவெடுத்தாற்போன்ற தூரம் இது. ஜப்பானில் டோக்கியோ – ஒசாகா 515 கிலோமீட்டர். 1964 அக்டோபரிலேயே அதில் 210 கிலோமீட்டர் வேகத்தில் ரயில் ஓடிற்று. அங்கேயும் செலவு ஏறக்குறைய இரட்டித்தது; ரயில்வேத் தலைவர் பதவி விலகினார். ஆனால் அந்த ரயில் வரிசையில் மோதலாலோ தடம் புரண்டோ இன்று வரை ஒரு பயணிகூடச் சாகவில்லை. ஜப்பான் கார் செய்யாத நாடா என்ன?

தோற்றது யார்?

2008ல் கலிபோர்னியா மக்கள் ஓட்டுப் போட்டு ரயில் வேண்டும் என்றார்கள். கார் நாட்டு மக்களேதான்! 995 கோடி டாலர் கடன்பத்திரத்துக்குச் சம்மதித்தார்கள். அப்போது மதிப்பு சுமார் 3,300 கோடி. 2020ல் ரயில் ஓடும் என்றார்கள். 2024 திட்ட அறிக்கையில் மதிப்பு 10,000 கோடியைத் தாண்டிவிட்டது. ரயில் இன்னும் ஓடவில்லை. அதே 2008ல் பெய்ஜிங் – தியான்ஜின் தடத்தைத் திறந்த சீனா, 2024 முடிவதற்குள் 48,000 கிலோமீட்டர் போட்டுவிட்டது.

கலிபோர்னியாவில் நடந்த கோளாறை நாம் மூடி மறைக்க வேண்டியதில்லை. நிலம் கைக்கு வருமுன்பே வேலையைத் தொடங்கினார்கள். ஆலோசனைக் கம்பெனிகளிடமும் காண்ட்ராக்டர்களிடமும் பொறுப்பை விட்டார்கள். ராஜ்யத்தின் தணிக்கை அதிகாரியே 2018ல் இதைச் சுட்டிக்காட்டினார். ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே! ஆக, தோற்றது ரயில் அல்ல. பொது வேலையைத் தனியார் கொள்ளைக்கு விடும் முறை. அதற்கு மருந்தாக ரயிலை ஒழி என்பது, திருடன் புகுந்தான் என்று வீட்டைக் கொளுத்துவது போல.

எதிரிகள் சொல்வதில் ஒன்று மட்டும் மெய். அதிவேக ரயிலிலிருந்து பிரெஸ்னோவில் இறங்கியவனுக்கு, அங்கிருந்து ஆலைக்கும் வயலுக்கும் போக பஸ் இல்லையென்றால் அவன் மறுபடி காரைத்தான் தேடுவான். ஊர் பஸ்ஸும் டிராமும் மலிவுக் கட்டணமும் சேர்ந்து வராத அதிவேக ரயில், ஆபீசர் துரைமாருக்கு வாகனமாகவே நிற்கும். ஆகவே ரயிலைக் கேட்கும் தொழிலாளி, பஸ்ஸையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

அங்கே ஆதரவு, இங்கே எதிர்ப்பா?

“மும்பை – ஆமதாபாத் புல்லட் ரயிலை எதிர்க்கும் நீங்கள் அமெரிக்காவில் மட்டும் ஆதரிக்கலாமா?” என்று சிலர் மடக்கப் பார்ப்பார்கள். அளவுகோல் இரண்டு இடத்திலும் ஒன்றுதான்: போடும் பணம் முதலில் யாரைச் சுமக்கிறது?

அமெரிக்காவில் ஜனங்களிடமிருந்து ரயிலைப் பறித்துவிட்டார்கள். அதைத் திருப்பித் தர வேண்டும். இந்தியாவில் ரயில் இருக்கிறது, ஜனம் இருக்கிறது, நிற்கத்தான் இடமில்லை. முன்பதிவில்லாப் பெட்டியில் கழிவறை வாசல் வரை தொழிலாளி நசுங்கிக் கிடக்கிறான். அவனுக்குப் பெட்டி சேர்க்காமல், 508 கிலோமீட்டர் தடத்துக்கு ஒரு லட்சம் கோடி ரூபாய்க்கு மேல் மதிப்புப் போட்டு, ஜப்பான் கடனை வாங்கி 2017ல் அடிக்கல் நாட்டினார்கள். பால்கர் ஜில்லாவின் ஆதிவாசிகளும் விவசாயிகளும் நிலத்துக்காகப் போராட நேர்ந்தது. நாம் எதிர்ப்பது வேகத்தை அல்ல. உழைப்பாளியை மேடையிலேயே நிறுத்திவிட்டுப் போகும் ரயிலை!

பிரெஸ்னோவின் தக்காளி வயலில் நிற்பவனுக்கும் நம் முன்பதிவில்லாப் பெட்டியில் தொங்குபவனுக்கும் கோரிக்கை ஒன்றே. ரயிலும் பஸ்ஸும் பொதுச் சொத்தாக இருக்கட்டும்! கூலிக்கு எட்டும் கட்டணம் இருக்கட்டும்! காண்ட்ராக்டர் கொள்ளை ஒழியட்டும்! இதைக் கொடையாக எந்தக் கனவானும் தரமாட்டான். சங்கம் சேர்ந்து கேட்டு வாங்க வேண்டும்.