பேரப்பிள்ளைகளை விட்டு டோங்காவுக்கு



பணி ஓய்வு பெற்ற கையோடு வீட்டைப் பூட்டி, சாவியை மகளிடம் கொடுத்துவிட்டு, முன்பின் பார்த்திராத ஒரு தீவுக்குக் கிளம்பும் கணவன் மனைவியைப் பற்றி இந்த மாதம் உங்களோடு பேச வேண்டும் என்று தோன்றியது. அவர்கள் போவது சுற்றுலாவுக்கும் அல்ல, பிள்ளை வீட்டுக்கும் அல்ல. ஒன்றரை வருடம், இரண்டு வருடம் தங்கி வேலை செய்யப் போகிறார்கள். சம்பளம் கிடையாது. வாடகையும் சாப்பாடும் சொந்தச் சேமிப்பிலிருந்து.

அமெரிக்காவின் சால்ட் லேக் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட 'பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை'யில் இது பல காலமாக இருந்துவரும் வழக்கம். மார்மன் சபை என்ற பெயரில் நம்மில் பலர் கேள்விப்பட்டிருப்போம். டையும் கறுப்புப் பெயர்ப் பட்டையுமாக இரண்டிரண்டு பேராகத் தெருவில் நடக்கும் அந்த இளம் மிஷனரிகள் உலகெங்கும் 70,000-க்கும் மேல் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பின்னால், வெளியாட்கள் அதிகம் கவனிக்காத இடத்தில், மூத்த தம்பதியர் இருக்கிறார்கள். வீட்டில் வளர்க்க வேண்டிய பிள்ளைகள் இல்லை, உடம்பும் ஒத்துழைக்கிறது என்றால் 6 மாதம் முதல் 23 மாதம் வரை ஊழியத்துக்குப் போகலாம். யூட்டா மாநிலத்தின் ப்ரோவோவில் சில நாள் பயிற்சி, அதன் பிறகு விமானம். இளைஞர்களுக்குள்ள கடுமையான கால அட்டவணை இவர்களுக்கு இல்லை. வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்ட வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

இந்தச் சபையின் போதனைகளுக்கும் மற்ற கிறிஸ்தவ சபைகளின் போதனைகளுக்கும் இடையே பெரிய வேறுபாடுகள் உண்டு. அந்த விவாதத்தை இங்கே எடுக்கப்போவதில்லை. அந்த வயதில், அந்தத் தூரத்தில், இருவருடைய ஒரு வாரம் எப்படிக் கழிகிறது என்பதுதான் என் அக்கறை. யூட்டாவிலிருந்து போய் டோங்காவில் ஊழியம் செய்யும் தம்பதியரை எடுத்துக்கொள்கிறேன். சுமார் ஒரு லட்சம் பேர் வாழும் அந்தப் பசிபிக் நாட்டில் ஐந்தில் ஒருவர் இந்தச் சபையைச் சேர்ந்தவர். உலகில் வேறெந்த நாட்டிலும் மக்கள்தொகையில் இவ்வளவு பங்கு இவர்களுக்கு இல்லை. முதல் மிஷனரிகள் அங்கே போய் இறங்கியது 1891-இல்.

வாரம் ஞாயிறில் தொடங்குகிறது. டோங்காவில் அது வெறும் விடுமுறை நாள் அல்ல. ஓய்வுநாள் என்றென்றும் புனிதமானது என்று 1875-ஆம் ஆண்டின் அரசியல் சாசனமே சொல்கிறது. கடைகள் மூடியிருக்கும், விளையாட்டு கிடையாது, விமானம் பறக்காது. தலைநகர் நுகுஅலோஃபாவில் விடியற்காலையில் எழுந்து வெளியே வந்தால் வீட்டுக்கு வீடு புகை தெரியும். குழி வெட்டி, கல்லைச் சூடாக்கி, கிழங்கையும் இறைச்சியையும் இலையில் பொதிந்து உள்ளே வைத்து மண் மூடிச் சமைக்கும் 'உமு' அடுப்பின் புகை அது. ஆராதனைக்குப் போகுமுன் மூடிவிட்டால், திரும்பி வரும்போது சாப்பாடு தயார்.

அன்றைக்கு அமெரிக்கக் கிழவர் பேன்ட் போடுவதில்லை. நம் வேட்டிபோல் இடுப்பில் சுற்றும் 'துப்பெனு', அதன்மேல் 'தாஓவாலா' என்ற பின்னல் பாய். பாயை இடுப்பில் சுற்றித் தென்னை நார்க் கயிற்றால் இறுக்கிக் கட்ட வேண்டும். தளர்ந்தால் நடக்கும்போதே நழுவும், இறுகினால் உட்கார முடியாது. முதல் சில வாரங்கள் மனைவி ஒரு பக்கம் பிடிக்க, பக்கத்து வீட்டுக்காரர் வந்து கட்டிவிடுவார். டோங்காவில் பெரியவர்கள் முன்னும் கடவுள் முன்னும் தாஓவாலா இல்லாமல் நிற்பது மரியாதைக் குறைவு. வந்தவர்கள் அதை மதிக்கக் கற்றுக்கொள்வதை நான் மிகவும் பாராட்டுகிறேன். ஊழியம் செய்யப் போனவர் முதலில் அந்த ஊர் ஆளிடம் உடுத்தக் கற்றுக்கொள்கிறார்.

ஆராதனை இரண்டு மணி நேரம். 2019 வரை மூன்று மணி நேரமாக இருந்தது. பேச்சு முழுக்க டோங்கா மொழியில் இருக்கும். பக்கத்தில் ஓர் இளைஞன் காதோரம் மொழிபெயர்த்துச் சொல்வான். பாட்டுக்கு மொழிபெயர்ப்பு வேண்டியதில்லை. டோங்கா மக்கள் நான்கு குரலில் பாடுவதைக் கேட்டவர்கள் அதை மறப்பதில்லை.

பிறகு யாராவது ஒரு வீட்டில் சாப்பாடு. பாய் விரித்து, சேப்பங்கிழங்கும் மரவள்ளியும், சேம்பு இலையில் தேங்காய்ப்பாலும் இறைச்சியும் வைத்துக் கட்டி வேகவைத்த 'லூ'வும் அடுக்கிவைத்து, விருந்தாளிகள் இருவரை மட்டும் உட்காரச் சொல்வார்கள். வீட்டார் சுற்றி நிற்பார்கள். குழந்தைகள் வாசற்படியில் காத்திருப்பார்கள். விருந்தாளி சாப்பிட்டு எழுந்த பிறகுதான் அவர்களுக்கு. முதல் முறை போகும் தம்பதிக்கு இது தெரியாது. வற்புறுத்தலுக்காக எல்லாவற்றையும் சாப்பிட முயல்வார்கள். விஷயம் தெரிந்த பின் தயக்கம் வந்துவிடும். அதிகம் சாப்பிட்டால் குழந்தைகளுக்குக் குறையும், தொட்டுவிட்டு வைத்தால் வீட்டம்மாவின் முகம் வாடும். கொடுக்க வந்தவர்கள் அங்கே கையேந்துகிறவர்களாக இருக்கிறார்கள். தங்களைவிட எவ்வளவோ குறைந்த வருமானம் உள்ள ஒரு குடும்பத்திடமிருந்து மனமார வாங்கிக்கொள்ளப் பழகுவது இந்த ஊழியத்தின் கடினமான பாடங்களில் ஒன்று என்று எனக்குத் தோன்றுகிறது.

திங்கள்கிழமை துணி துவைக்க, காய்கறி வாங்க. தலமாஹு சந்தையில் கிழங்குகள் கூடை கூடையாக விற்கும். கார் ஓட்டுவது இடப்பக்கம். வாழ்நாள் முழுக்க வலப்பக்கம் ஓட்டிப் பழகியவர், சாலையைக் கடக்கும் பன்றிக்குட்டிகளுக்காக ஒவ்வொரு வளைவிலும் நிதானிப்பார். ஆனால் திங்கள் மதியத்துக்கு வேறொரு முக்கியத்துவம் உண்டு. குளிர்காலத்தில் யூட்டாவுக்கும் டோங்காவுக்கும் 20 மணி நேர வித்தியாசம். அங்கே ஞாயிறு மாலை 6 மணிக்குப் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் சாப்பாட்டு மேசைக்கு வரும்போது, இங்கே திங்கள் பிற்பகல் 2. செல்பேசியை ஒரு ஜாடியில் சாய்த்துவைத்து இருவரும் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்துகொள்வார்கள். பல் விழுந்த பேரன் வாயைத் திறந்து காட்டுவான். பிறந்து சில வாரமே ஆன பேத்தியைக் கேமராவுக்கு அருகில் கொண்டுவருவார்கள். அந்தக் குழந்தை நடக்க ஆரம்பித்த பிறகுதான் பாட்டி அவளைத் தூக்கப்போகிறாள்.

இந்த இழப்பைச் சிறிதாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இங்கிலாந்தின் வூஸ்டர்ஷையர் பகுதியைச் சேர்ந்த கொல்லர் ஜான் தாமஸ், மனைவி சாராவோடு மெதடிஸ்ட் மிஷனரியாக 1826-இல் டோங்கா வந்தார். அவர்களுக்கு ஊரிலிருந்து ஒரு கடிதம் வர மாதக்கணக்கில் ஆகும். அதோடு ஒப்பிட்டால் வாராவாரம் முகம் பார்ப்பது பெரிய வரம்தான். ஆனாலும் பார்ப்பது வேறு, மடியில் வைத்துக்கொள்வது வேறு. அந்த வரமும் எப்போதும் உறுதியல்ல. 2022 ஜனவரி 15-இல் ஹுங்கா டோங்கா எரிமலை வெடித்து ஆழிப்பேரலை வந்தபோது கடலடி கேபிள் அறுந்தது. இணைய இணைப்பு சீராக ஐந்து வாரங்களுக்கு மேல் ஆனது. நியூசிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் வாழும் டோங்கா மக்கள், அம்மா உயிரோடு இருக்கிறாரா என்று தெரியாமல் நாட்களைக் கடத்தினார்கள்.

செவ்வாய் முதல் வெள்ளி வரை செய்யும் வேலையில் வெளியே சொல்லிப் பெருமைப்பட அதிகம் இருக்காது. சிலர் சபையின் லியஹோனா உயர்நிலைப் பள்ளியில் ஆசிரியர்களுக்குத் துணை நிற்பார்கள். சிலர் ஆலயத்தில் பணியாற்றுவார்கள். பலருக்கு மிஷன் அலுவலகம்: விசா புதுப்பித்தல், வாடகை ரசீது, கார்களின் சர்வீஸ் கணக்கு. ஆறு வாரத்துக்கு ஒரு முறை இளம் மிஷனரிகளுக்கு இடமாற்றம் வரும். அந்த வாரத்தில் யார் எந்தப் படகில், யார் எந்த விமானத்தில், யாருடைய பெட்டி எந்தத் தீவில் நிற்கிறது என்று அலுவலகம் அல்லோலகல்லோலப்படும்.

எனக்குப் பிடித்தது வீடு பார்க்கும் நாள். இளம் மிஷனரிகள் தங்கியிருக்கும் வீடுகளுக்குத் தம்பதி இருவரும் போய்ப் பார்த்து வர வேண்டும். கணவர் நேராகப் பின்பக்கம் போவார். குடிக்க மழைநீர்தான், தொட்டியைக் கையால் தட்டிப் பார்த்து, சத்தத்தை வைத்து எதுவரை தண்ணீர் இருக்கிறது என்று கணிப்பார். கூரைத் தகரத்திலிருந்து வரும் குழாயில் இலை அடைத்திருந்தால் அப்போதே ஏணி கேட்பார். மனைவி உள்ளே ஜன்னல் வலையில் ஓட்டை இருக்கிறதா, கொசு வருமா என்று பார்ப்பார். டெங்கு அங்கேயும் உண்டு. குளிர்பதனப் பெட்டியைத் திறந்தால் பெரும்பாலும் கெட்சப் பாட்டிலும் ரொட்டியும் மட்டும் இருக்கும். அவர் ஒன்றும் சொல்ல மாட்டார். கொண்டுவந்த வாழைப்பழ ரொட்டியை மேசையில் வைத்துவிட்டு, "ராத்திரி தூக்கம் வருதாப்பா?" என்று கேட்பார். வீட்டை விட்டு முதல் தடவையாக வந்திருக்கும் பத்தொன்பது வயதுப் பையன் அந்தக் கேள்விக்குத்தான் காத்திருந்திருப்பான். 2019 பிப்ரவரி வரை இந்த இளைஞர்கள் வீட்டுக்குத் தொலைபேசியில் பேச வருடத்தில் இரண்டே நாள்தான், கிறிஸ்துமஸும் அன்னையர் தினமும். இப்போது வாரம் ஒருமுறை பேசலாம். இருந்தாலும் அம்மா வயதுள்ள ஒருவர் எதிரே நின்று கேட்பது தனி.

இன்னொன்றையும் நான் மதிக்கிறேன். ஊரில் இவர்களில் ஒருவர் பள்ளி முதல்வராக இருந்திருக்கலாம், நிறுவனம் நடத்தியிருக்கலாம். டோங்காவில் அவர் யாருக்கும் மேலாளர் அல்ல. அங்குள்ள சபைகளை நடத்துகிறவர்கள் டோங்கா மக்களே. பகலில் ஆசிரியராகவோ விவசாயியாகவோ இருந்துகொண்டு சம்பளமில்லாமல் சபையைக் கவனிப்பவர்கள். தன் மகன் வயதுள்ள ஆயரிடம் "என்ன செய்யட்டும்?" என்று கேட்டுச் செய்ய வேண்டும். அனுபவம் உள்ளவர்களுக்கு அது எளிதல்ல. எளிதாக்கிக்கொண்டவர்களைத்தான் அந்த ஊர் நெடுநாள் நினைவில் வைத்திருக்கிறது.

மிஷனரிகள் எப்போதும் இருவராகத்தான் இயங்குவார்கள். இளைஞனுக்குத் துணையாக வருவது முன்பின் தெரியாத இன்னோர் இளைஞன். மூத்தவருக்கு வருவது நாற்பது வருடம் கூடவே வாழ்ந்த மனைவி. அந்த நாற்பது வருடமும் இருவருடைய வேலைக்களமும் வெவ்வேறாக இருந்திருக்கும். இப்போதுதான் ஒரே காரில், ஒரே பட்டியலோடு, ஒரே மேசையில். அவர் வரைபடத்தைத் தவறாகப் படிப்பதும், இவர் எல்லாரிடமும் நின்று பேசி நேரத்தை இழுப்பதும் அப்போதுதான் பரஸ்பரம் தெரியவரும். சண்டையும் வரும். ராத்திரி முழங்காலிட்டு ஒன்றாக ஜெபிக்க வேண்டியிருப்பதால் அது அதிக நேரம் நீடிக்க முடியாது.

இதை எழுதும்போது நம் வீடுகளை நினைக்காமல் இருக்க முடியவில்லை. ஓய்வு பெற்ற நம் தம்பதியரில் பலர் வெளிநாடு போகிறார்கள், மகளின் பிரசவம் பார்க்க, மகனின் குழந்தையை வளர்க்க. அதுவும் ஊழியம்தான், அதைக் குறைத்துப் பேசுகிறவன் நான் அல்லன். ஆனால் பேரப்பிள்ளை பள்ளிக்குப் போன பிறகு? கணவர் செய்தித்தாளோடு வாசல் பக்கம், மனைவி தொலைக்காட்சியோடு கூடத்தில் என்று நாட்கள் கழியும் வீடுகளை எனக்குத் தெரியும். கணக்கு எழுதத் தெரிந்த கை, நூறு பேருக்குச் சமைக்கத் தெரிந்த கை, எந்தப் பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்று முகத்தைப் பார்த்தே சொல்லத் தெரிந்த கண், எல்லாம் அந்த வீட்டுக்குள்ளேயே இருக்கின்றன. டோங்காவுக்குப் போக வேண்டியதில்லை. மதம் சார்ந்துதான் செய்ய வேண்டும் என்பதும் இல்லை. பக்கத்து மாவட்டத்தின் ஒரு விடுதிப் பள்ளிக்கு இருவரும் சேர்ந்து ஆறு மாதம் போகலாம்.

வாசகர்களில் அப்படிப் போய் வந்தவர்கள் இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். எந்த ஊர், என்ன வேலை, வாரம் எப்படிப் போனது, எதில் இருவருக்கும் ஒத்துப்போகவில்லை, யார் வீட்டில் சாப்பிட்டீர்கள் என்று விவரமாக எழுதுங்கள். இருவரும் ஆளுக்கொரு பக்கம் எழுதினால் இன்னும் நல்லது. அடுத்த இதழில் அந்தக் கடிதங்களுக்காக எட்டுப் பக்கங்களை ஒதுக்கிவைத்திருக்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்