அட்சய திருதியையும் அடகுச் சீட்டும்

கஷ்டகாலத்தில் வியாபாரம் நடத்தும் சாமர்த்தியம் நகைக் கடைக்காரர்களுக்கு இருப்பதுபோல் வேறு யாருக்கும் இருப்பதாக நமக்குத் தோன்றவில்லை, ஓட்டு வியாபாரிகளைத் தவிர.

2020-ம் வருஷம் அட்சய திருதியை ஏப்ரல் 26-ந் தேதி வந்தது. கொரோனா ஊரடங்கு. ரயில் இல்லை, வேலை இல்லை, கூலி இல்லை. பிழைக்கப் போன தொழிலாளிகள் பிள்ளைகுட்டிகளைச் சுமந்துகொண்டு நடந்தே ஊர் திரும்பிய சமயம். கோயில்களெல்லாம் பூட்டிக் கிடந்தன. மற்றச் சாமிகள் தரிசனம் கொடுக்க முடியாத அந்த நாளிலும் லட்சுமிக்கு மாத்திரம் ஓய்வு கிடைக்கவில்லை. கடைக்கு வர வேண்டாம், பணத்தை இன்று கட்டிவிடுங்கள், நகையைப் பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று விளம்பரம் செய்தார்கள். அன்று தங்கம் வீட்டுக்கு வந்தால் செல்வம் பெருகும் என்று சொல்லி வந்தவர்கள், அன்று பணம் தங்கள் கைக்கு வந்தாலே போதும் என்று சாஸ்திரத்தைத் திருத்திக்கொண்டார்கள். எந்தச் சாஸ்திரியாராவது இதற்கு ஆட்சேபணை சொன்னாரா?

நிற்க, அட்சயம் என்றால் குறையாதது என்று அர்த்தமாம். செய்கூலி, சேதாரம், போதாததற்கு 100-க்கு 3 வரி, இவ்வளவும் அழுதுவிட்டு வாங்கிய நகையை மறுநாள் அதே கடையில் விற்கப் போனால் கொடுத்த பணம் திரும்புமா? வாசற்படி தாண்டுவதற்குள் குறைந்துபோவதற்குப் பெயர் குறையாதது! நமது கிராமத்துக் கிழவிகளில் எத்தனை பேர் தங்கள் இளம் பிராயத்தில் இந்தத் திருதியைக்கு நகை வாங்கினார்கள்? கேட்டுப் பாருங்கள்.

வாங்கிய நகையாவது வீட்டில் தங்குகிறதா? விதைக்கும், வைத்தியத்துக்கும், பள்ளிச் சம்பளத்துக்கும் கூட்டுறவு பாங்கியில் போய் உட்கார்ந்துகொள்கிறது. அங்கே காத்திருக்கிறார் இரண்டாவது வியாபாரி. 2021 பிப்ரவரி 26-ல், தேர்தல் கமிஷன் தேதி அறிவிப்பதற்குச் சற்று முன்னால், அப்போதைய முதல் மந்திரி பழனிசாமி 6 சவரன் வரை நகைக்கடன் தள்ளுபடி என்றார். மார்ச்சில் வந்த தி.மு.க. அறிக்கை 5 சவரன் என்றது. வட்டி கட்ட வழியில்லாத பெண்ணுக்கு அது உதவிதான். வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. ஆனால் அந்த நகை ஏன் அடகுக்குப் போயிற்று என்ற கேள்வி, சவரன் கணக்கைப் போல் மேடைகளில் முழங்கியதா?

தள்ளுபடியாகி நகை திரும்பி வந்த தாய்மார்களை ஒன்று கேட்கிறோம். அந்த நாளில் தங்கம் கையில் இருந்தால் செல்வம் பெருகுமென்பது உண்மையானால், கடைக்காரர் விடிவதற்கு முன்பே கடையைத் திறந்துவைத்துக்கொண்டு அதை ஏன் விற்றுத் தள்ளுகிறார்?