அறுவை சிகிச்சைக்குப் பின் 42 நாட்கள்: வீட்டில் தேறுவோரைக் கவனிப்பது யார்?

நவி மும்பை: பெரிய அறுவை சிகிச்சைக்கான மருத்துவமனைச் செலவை ஏற்கும் அரசுக் காப்பீட்டுத் திட்டங்கள் கடந்த சில ஆண்டுகளில் வேகமாக விரிவடைந்துள்ளன. ஆனால், வீடு திரும்பிய நோயாளியைத் தூக்கி உட்காரவைத்து, குளிக்க உதவி, வேளை தவறாமல் மருந்து கொடுக்கும் ஆள் யார், அதற்காக அவர் இழக்கும் கூலியை ஈடுசெய்வது யார் என்ற கேள்விகளுக்கு இத்திட்டங்களில் இன்னும் விடை இல்லை.

நவி மும்பையின் வடக்கு முனையில் உள்ள ஐரோலி, இந்த இடைவெளி கண்கூடாகத் தெரியும் பகுதிகளில் ஒன்று. தகவல் தொழில்நுட்ப வளாகங்களும், தாணே–வாஷி புறநகர் ரயில் பாதையும், கழிமுகத்தைக் கடந்து முலுண்டுடன் இணைக்கும் பாலமும் இப்பகுதியை வேலைக்குச் செல்வோரின் குடியிருப்பாக மாற்றியுள்ளன. தாராவி, மாட்டுங்கா, செம்பூர் ஆகிய பகுதிகளில் உறவினர் சூழ வாழ்ந்து, பின்னர் நவி மும்பையில் வீடு வாங்கிக் குடியேறிய தமிழ்க் குடும்பங்களும் உண்டு. கணவன், மனைவி இருவரும் பணிக்குச் செல்லும் இத்தகைய வீடுகளில் ஒருவர் படுக்கையில் விழுந்தால், திருநெல்வேலியிலிருந்தோ வேறு சொந்த ஊரிலிருந்தோ தாய் அல்லது மாமியார் ரயில் ஏறி வந்தால்தான் துணை.

காப்பீட்டின் எல்லை

2018 செப்டம்பர் 23 அன்று தொடங்கப்பட்ட ஆயுஷ்மான் பாரத் பிரதமரின் மக்கள் ஆரோக்கியத் திட்டம், தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு ரூ.5 லட்சம் வரை மருத்துவச் செலவை ஏற்கிறது. மகாராஷ்டிரத்தில் இதனுடன் ஒருங்கிணைத்துச் செயல்படுத்தப்படும் மகாத்மா ஜோதிபா புலே ஜன ஆரோக்கியத் திட்டத்தின் வரம்பை ரூ.1.5 லட்சத்திலிருந்து ரூ.5 லட்சமாக உயர்த்தவும், மாநிலத்தின் அனைத்துக் குடும்பங்களுக்கும் விரிவுபடுத்தவும் 2023 ஜூன் மாதம் மாநில அமைச்சரவை ஒப்புதல் அளித்தது.

மத்திய அரசின் திட்டத்தில், வீடு திரும்பிய பின் 15 நாட்கள் வரையிலான பரிசோதனை மற்றும் மருந்துச் செலவுகள் அடங்கும். தனியார் காப்பீட்டில் நிலைமை சற்று மேல். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் வகுத்த 'ஆரோக்கிய சஞ்சீவனி' பொதுப் பாலிசி, மருத்துவமனைக்குப் பிந்தைய 60 நாள் மருத்துவச் செலவை ஏற்கிறது. எனினும், உதவியாளர் கட்டணமும் தனிச் செவிலியர் கட்டணமும் வழக்கமான பாலிசிகளில் வழங்கப்படாத இனங்களின் பட்டியலில் உள்ளன.

உடல் தேறும் கால அளவு இந்த வரம்புகளுக்குக் கட்டுப்படுவதில்லை. மார்பெலும்பைத் திறந்து செய்யப்படும் இதய அறுவை சிகிச்சைக்குப் பின் அந்த எலும்பு கூடுவதற்கு ஏறத்தாழ 6 முதல் 8 வாரங்கள் ஆகும். அதுவரை கனமான பொருளைத் தூக்கக் கூடாது. வயிற்றைத் திறந்து கருப்பையை அகற்றும் சிகிச்சைக்குப் பிறகும் இதே அளவு ஓய்வு தேவை. மூட்டு மாற்று சிகிச்சை செய்துகொண்டவர் ஓரிரு நாட்களில் நடக்கத் தொடங்கினாலும், இயன்முறைப் பயிற்சி பல வாரங்கள் தொடர வேண்டும். அறுவைக் காயத்தில் தொற்று ஏற்படுகிறதா என்பதை 30 நாட்கள் வரையிலும், செயற்கை மூட்டு போன்றவை பொருத்தப்பட்டிருந்தால் 90 நாட்கள் வரையிலும் கண்காணிப்பது மருத்துவ நடைமுறை.

தீக்காயத்துக்குத் தோல் ஒட்டு சிகிச்சை பெற்றவர்களின் நிலை இன்னும் கடினம். தேசியத் தீக்காய மையம் ஐரோலியில்தான் இயங்குகிறது. இத்தகைய சிகிச்சைக்குப் பின் தழும்பு தடிக்காமல் இருக்க, இறுக்கமான அழுத்த ஆடையை நாளின் பெரும்பகுதி நேரம், பல மாதங்கள் அணிய வேண்டியிருக்கும். அதை அணிவிப்பதும், மூட்டுகள் மடங்கி இறுகிவிடாமல் பயிற்சி கொடுப்பதும் வீட்டில் உள்ளவர்களின் பொறுப்பாகிறது.

அரசு ஏற்கெனவே ஏற்ற கணக்கு

தேறும் காலம் என்ற ஒன்று உண்டு என்பதை அரசு அறியாமல் இல்லை. உடல் உறுப்பு தானம் செய்யும் மத்திய அரசு ஊழியர்களுக்கு, உறுப்பை அகற்றும் பெரிய அறுவை சிகிச்சையிலிருந்து தேறுவதற்காக அதிகபட்சம் 42 நாள் சிறப்புத் தற்செயல் விடுப்பு வழங்க 2023 ஏப்ரலில் ஆணை பிறப்பிக்கப்பட்டது. மருத்துவமனையில் பிரசவித்த தாயும் சேயும் வீடு திரும்பிய பின், 3, 7, 14, 21, 28, 42 ஆகிய நாட்களில் ஆஷா பணியாளர் வீட்டுக்கே சென்று பார்க்க வேண்டும் என்பது தேசிய சுகாதார இயக்கத்தின் நடைமுறை.

ஒன்று விடுப்பு, மற்றொன்று வீடு தேடி வரும் கவனிப்பு. இரண்டுக்கும் கணக்கு ஆறு வாரமே. ஆனால், இதய அறுவை சிகிச்சை முடிந்து ஐரோலியின் மின்தூக்கி இல்லாத பழைய குடியிருப்பு ஒன்றில் மூன்றாம் மாடிக்குத் திரும்பும் தொழிலாளியைத் தேடி இவ்வாறு குறித்த நாளில் வருவோர் யாரும் இல்லை.

அந்தத் தொழிலாளி இஎஸ்ஐ திட்டத்தில் இருந்தால், ஆண்டுக்கு 91 நாட்கள் வரை ஊதியத்தில் 70 சதவீதம் நோய்க்காலப் பயனாகப் பெறலாம். அவரைக் கவனிக்க வேலைக்குப் போகாமல் வீட்டில் இருக்கும் மனைவிக்கு அத்தகைய பயன் எதுவும் இல்லை. தினக்கூலியாகவோ வீட்டு வேலை செய்பவராகவோ அவர் இருந்தால், போகாத நாளுக்குக் கூலி இல்லை. வேலையே கைவிட்டுப் போகவும் கூடும்.

சுமை பெண்கள் மீது

தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2024-ஆம் ஆண்டு நடத்திய காலப் பயன்பாட்டு ஆய்வின்படி, 15 முதல் 59 வயது வரையுள்ள பெண்களில் 41 சதவீதத்தினர் குடும்ப உறுப்பினர்களைக் கவனிக்கும் பணியில் ஈடுபடுகின்றனர். ஆண்களில் இது 21.4 சதவீதம். இப்பணிக்கு அப்பெண்கள் நாளொன்றுக்கு 140 நிமிடங்களையும் ஆண்கள் 74 நிமிடங்களையும் செலவிடுகின்றனர். குழந்தை பராமரிப்பும் இதில் அடங்கும் என்றாலும், வீட்டில் ஒருவர் நோயுறும்போது கூடும் வேலை எந்தப் பக்கம் சாயும் என்பதை இக்கணக்கு காட்டுகிறது. அந்தப் பெண்ணே அறுவை சிகிச்சை செய்துகொண்டவராக இருந்தால், ஆறு வார ஓய்வு ஏட்டளவில் நின்றுவிடும் அபாயம் உள்ளது.

வசதியுள்ளோர் முகவர் நிறுவனங்கள் மூலம் 12 மணி நேர உதவியாளரை அமர்த்திக்கொள்கின்றனர். இவர்களும் பெரும்பாலும் பெண்களே. வீட்டுப் பணியாளர்களுக்கான சட்டக் கட்டமைப்பு குறித்து ஆராயக் குழு அமைக்குமாறு 2025 ஜனவரி 29 அன்று உச்ச நீதிமன்றம் மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. வீட்டுப் பணியாளர்களின் உரிமைகள் தொடர்பான 2011-ஆம் ஆண்டின் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு உடன்படிக்கையை இந்தியா இதுவரை ஏற்புறுதி செய்யவில்லை.

சாத்தியம் காட்டும் மாநிலங்கள்

வீடு தேடிச் செல்லும் மருத்துவம் இந்தியாவுக்குப் புதிதன்று. கேரளத்தில் 1993-இல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலி தணிப்பு இயக்கம், 2008-இல் மாநில அரசின் கொள்கையாகி, உள்ளாட்சி அமைப்புகளின் செவிலியர்கள் வீடுகளுக்குச் செல்லும் ஏற்பாடாக வளர்ந்தது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் நீரிழிவு, உயர் ரத்த அழுத்த மருந்துகளுடன் இயன்முறைச் சிகிச்சையும் நோய்த் தணிப்புச் சிகிச்சையும் வீட்டிலேயே அளிக்கப்படுகின்றன. நாட்பட்ட நோயாளிகளை மையமாகக் கொண்ட இவ்வசதியை, அறுவை சிகிச்சை முடிந்து திரும்புவோருக்கும் குறுகிய காலத்துக்கு விரிவுபடுத்துவது புதிய கட்டமைப்பைக் கோரும் வேலையன்று.

ஐரோப்பிய ஒன்றியம் 2019-ஆம் ஆண்டின் நெறிமுறை மூலம், நோயுற்ற உறவினரைக் கவனிக்கும் தொழிலாளிக்கு ஆண்டுக்கு குறைந்தது 5 வேலை நாள் விடுப்பை உறுதிசெய்துள்ளது. ஜப்பானில், கவனிப்பு தேவைப்படும் ஒவ்வொரு குடும்ப உறுப்பினருக்காகவும் மொத்தம் 93 நாட்கள் வரை விடுப்பு எடுக்கலாம்.

இந்தியாவில் முதற்படியாகச் செய்யக்கூடியவை சில உள்ளன. காப்பீட்டில் அடங்கும் ஒவ்வொரு பெரிய அறுவை சிகிச்சைக்கும், நோயாளியை அனுப்பும் முன்பே அவர் வீட்டில் ஆள் துணை உண்டா எனக் கேட்டறிந்து, அருகிலுள்ள நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தகவல் அனுப்புவதைக் கட்டாயமாக்கலாம். காய்ச்சல், காயத்தில் சிவப்பு அல்லது சீழ், கெண்டைக்காலில் வீக்கம், திடீர் மூச்சுத்திணறல் ஆகியவை தென்பட்டால் காத்திருக்கக் கூடாது என்பதை வீட்டாருக்கு அவர்கள் மொழியிலேயே எழுதிக் கொடுக்கலாம். மகப்பேற்றுக்கு உள்ளதுபோல், குறித்த நாட்களில் செவிலியர் வருகையையும் திட்டமிடலாம். ஆனால், ஊக்கத்தொகையில் பணியாற்றும் ஆஷா பணியாளர் தலையிலேயே, கூடுதல் ஊதியமின்றி இதையும் ஏற்றினால், குடும்பப் பெண்ணின் சுமை மற்றொரு பெண்ணுக்கு மாறியதாக மட்டுமே இருக்கும்.

அறுவை சிகிச்சைக்காக அரசு லட்சக்கணக்கில் செலவிடுகிறது. கவனிப்பின்றிக் காயம் சீழ்பிடித்து நோயாளி மீண்டும் அனுமதிக்கப்பட்டால், அந்தச் செலவில் ஒரு பகுதி வீணாகும். குடும்பமும் இரண்டாம் முறை கூலியை இழக்கும். 15 நாள் வரம்பை 42 நாட்களாக உயர்த்தி, அதில் வீட்டுக் கவனிப்பையும் சேர்ப்பது பொதுப் பணத்தைக் காக்கும் வழியாகவும் அமையும்.