செக் வந்துச்சு... காசு வரலை!

பாஞ்சாலங்குறிச்சின்னு சொன்னதும் கட்டபொம்மனும் சினிமா வசனமும்தானே ஞாபகம் வருது? யோசிச்சுப் பார்த்தா, எங்க ஊர்ச் சண்டையே பண பாக்கியில ஆரம்பிச்சதுதான். 1798-ல ராமநாதபுரத்துல கலெக்டர் ஜாக்சனைக் கட்டபொம்மன் சந்திச்சது கிஸ்தி பாக்கி விவகாரத்துக்காகத்தான். யார், யாருக்கு, எப்போ காசு தரணும்? அதே கேள்விதான் இந்த வாரமும். ஆனா, இது எங்க வீட்டுக் கதை.

அப்பாகிட்ட ஒரு மினி லாரி இருக்கு. தருவைகுளம், வேப்பலோடை பக்கத்து உப்பளங்கள்ல லோடு ஏத்தி தூத்துக்குடியில இறக்குவார். வாடகையை அன்னன்னிக்கு யாரும் தர்றதில்லை. மாசக் கடைசியில கணக்குப் பார்த்து ஒரு அண்ணாச்சி செக் எழுதித் தருவார். அதுவும் ஒரு மாசம் தள்ளித் தேதி போட்டு! நான் ஃபர்ஸ்ட் இயர் படிச்சப்போ, அப்படி வந்த 40,000 ரூபாய் செக்கை நம்பித்தான் என் செமஸ்டர் ஃபீஸ் இருந்துச்சு. தேதி வந்ததும் அப்பா பேங்க்ல போட்டார். கணக்குல பணம் இல்லைன்னு ஒரு சீட்டோட திரும்பி வந்துடுச்சு. ரிட்டன் ஆனதுக்கு அப்பா கணக்குலேர்ந்தே சார்ஜ் வேற பிடிச்சாங்க. தப்பு ஒருத்தருது, தண்டம் இன்னொருத்தருக்கு! அம்மாவோட வளையல் அடகுக்குப் போன பிறகுதான் நான் எக்ஸாம் ஹாலுக்குப் போனேன்.

"ஏம்ப்பா, பேசாம ஜிபேல வாங்க வேண்டியதுதானே?"ன்னு கேட்டேன். இன்ஜினீயரிங் மூளையாச்சே! அப்பா சிரிச்சார். "ஏல, கையில காசு இருந்தா அவரு ஏன்ல செக்கு எழுதுதாரு?"

அப்பதான் எனக்குப் பொறி தட்டுச்சு. செக் ரெண்டு வேலை பார்க்குது மக்களே. ஒண்ணு, காசைக் கொண்டு சேர்க்கிறது. இன்னொண்ணு, சத்தமில்லாம கடன் வாங்குறது.

முதல் வேலையில செல்போன்தான் வின்னர். ஒரு காலத்துல வெளியூர் செக்குன்னா அந்தப் பேப்பரே தபால், கூரியர்னு ஊர் ஊராப் பயணம் போகணும். 2008-ல டெல்லியில ஆரம்பிச்ச சி.டி.எஸ். முறையில பேப்பர் நகர்றதில்லை, அதோட படம் மட்டும் போகுது. 2025 அக்டோபர் 4-லேர்ந்து, நேரத்தோட போட்டா அன்னைக்கே பாஸா ஃபெயிலான்னு தெரிஞ்சிடுது. யு.பி.ஐ.க்கு அந்தக் காத்திருப்பும் கிடையாது. 2016-ல வந்த பொடியன், 2025 ஆகஸ்ட் மாசம் மட்டும் 2,000 கோடி தடவைக்கு மேல காசைக் கை மாத்தியிருக்கான்! பேங்க் கணக்குலேர்ந்து யு.பி.ஐ.யில வாங்குற கடைக்காரருக்கு 2020 ஜனவரியிலேர்ந்து கமிஷனும் இல்லை. அதுக்காக எல்லாமே ஓசின்னு நினைச்சுடாதீங்க. சின்னக் கடைகள்ல நடக்குற யு.பி.ஐ.க்கு ஊக்கத்தொகையா 2024-25-க்கு மட்டும் மத்திய அரசு சுமார் 1,500 கோடி ரூபாய் அறிவிச்சது. எல்லாம் நம்ம வரிப்பணம் பாஸ்!

ஆனா, ரெண்டாவது வேலை இருக்கே, அதுலதான் மேட்டர். அப்பா டீசலுக்கு வாங்கின கடனுக்கு நூத்துக்கு ரெண்டு வட்டி. 40,000-க்கு ஒரு மாசம்னா 800 ரூபாய். அண்ணாச்சிக்கு ஒரு மாசம் வட்டியில்லாக் கடன். அதுக்கு வட்டி கட்டினது எங்கப்பா!

அப்போ செக்கே வேணாமா? அங்கேயும் ஒரு சிக்கல். 'நாளைக்கு போன்ல போட்டு விடுறேன்'னு சொன்னா, அது வெறும் வாய்ப்பேச்சு. செக் கையில இருந்தா சட்டம் கூட நிக்கும். 1989-லேர்ந்து அமல்ல இருக்கிற 138-வது பிரிவுப்படி, ரிட்டன் ஆன தகவல் வந்த 30 நாளுக்குள்ள நோட்டீஸ் அனுப்பணும். நோட்டீஸ் கிடைச்ச 15 நாளுக்குள்ள அவர் காசு தரலைன்னா, அடுத்த ஒரு மாசத்துக்குள்ள கோர்ட்டுக்குப் போகலாம். ரெண்டு வருஷம் வரைக்கும் ஜெயில் அல்லது செக் தொகையில ரெண்டு மடங்கு வரைக்கும் அபராதம், இல்லை ரெண்டுமே கிடைக்கலாம்.

"நோட்டீஸ் விட்டீங்களாப்பா?"

"விட்டா அடுத்த லோடு கிடைக்காதுல்லா!"

கடைசியில நாலு தவணையா அந்தக் காசு வந்து சேர்ந்தது. எதுல தெரியுமா? ஜிபேல!

சண்டை போடாம ஒரு வழி இருக்கான்னு தேடினப்போ சிக்கினதுதான் 2006-ம் வருஷத்து சிறு, குறுந்தொழில் சட்டம். உத்யம் பதிவு இருக்கிற குறு, சிறு தொழில்காரருக்கு 45 நாளுக்கு மேல பாக்கி வைக்கக் கூடாது. வெச்சா, ரிசர்வ் வங்கியோட பேங்க் ரேட்டைப்போல மூணு மடங்கு கூட்டு வட்டி. 2023-24 நிதியாண்டுலேர்ந்து இன்னொரு கிடுக்கிப்பிடி. கெடுவுக்குள்ள காசு தரலைன்னா, அதைத் தர்ற வருஷம் வரைக்கும் வருமான வரிக் கணக்குல செலவாக் காட்ட முடியாது. எழுத்துல ஒப்பந்தம் இல்லைன்னா கெடு வெறும் 15 நாள்தான். பதிவுக்கு ஒரு பைசா செலவில்லை, ஆன்லைன்லயே முடிச்சுடலாம்.

அப்பாவுக்கு நானே பதிவு பண்ணிக் கொடுத்தேன். பில்லுல அந்த நம்பரையும் அடிச்சாச்சு. அதைப் பார்த்த அண்ணாச்சி, "பையன் படிச்சிட்டான் போல?"ன்னு கேட்டுக்கிட்டே செக் எழுதினாராம். இந்தத் தடவை 15 நாள்தான் தள்ளித் தேதி போட்டிருந்தார். பாஸும் ஆயிடுச்சு!

உங்க வீட்டுலயும் லோடு அடிக்கிறவங்க, தைக்கிறவங்க, வெல்டிங் பட்டறை வெச்சிருக்கிறவங்க இருப்பாங்க. இன்னைக்கு ராத்திரி சாப்பிடும்போது, 'யார்கிட்டப்பா பாக்கி நிக்குது?'ன்னு கேட்டுப் பாருங்க. அடுத்த வாரம் மீட் பண்ணுவோம்!