கணக்கைக் காட்டு, பிறகு காசைக் கேள்!



விடியற்காலை ஆறு மணி. தாராவியில் ஒரு குழாயடி. குடங்கள் வரிசையாக நிற்கின்றன. நாற்பது பேர் பார்த்துக்கொண்டிருக்க, ஒரு தாயின் முன்னால் மோட்டார் சைக்கிளை நிறுத்துகிறான் ஒருவன். "பதினெட்டாயிரத்து அறுநூறு! எப்போ தர்றேன்னு சொல்லிட்டுக் குடத்தைத் தூக்கு" என்கிறான்.

யார் இவன்? கடன் கொடுத்தவனா? இல்லை. இவன் ஒரு காசும் கொடுத்ததில்லை. கொடுத்தது ஒரு நிதி நிறுவனம். அந்த நிறுவனம் வசூல் வேலையை ஓர் ஏஜென்சிக்குக் குத்தகை விட்டது. ஏஜென்சி இவனுக்கு ஒரு பெயர்ப் பட்டியலைக் கொடுத்து, வசூலித்தால்தான் கமிஷன் என்று அனுப்பியது. அந்தப் பட்டியலில் உள்ள தொகை சரியா தவறா என்பது இவனுக்கும் தெரியாது. ஏஜென்சிக்கும் அக்கறை இல்லை. ஆனால் ஒன்று மட்டும் அவர்களுக்கு நன்றாகத் தெரியும். நம்மவர்கள் மானத்துக்கு அஞ்சுகிறவர்கள். கணக்குக் கேட்க மாட்டார்கள். நாலு பேர் முன்னால் கத்தினால் தாலியை அடகு வைத்தாவது கொடுத்துவிடுவார்கள். நம்முடைய மானத்தைத்தான் இவர்கள் முதலாகப் போட்டு வியாபாரம் செய்கிறார்கள்!

அந்தத் தாய் இட்லி விற்றுப் பிழைப்பவர். கணவர் தோல் பட்டறையில் வேலை செய்கிறார். மாவரைக்கும் இயந்திரம் வாங்க 40,000 ரூபாய் கடன் எடுத்தார்கள். மாதம் 2,150 ரூபாய் வீதம் 24 தவணை. வாரா வாரம் வருகிற வசூல்காரரிடம் ரொக்கமாகவே கட்டி முடித்தார்கள். முடிந்தது என்று நினைத்திருந்தபோதுதான் குழாயடிக்கு வந்தான் புதியவன். நாலு தவணை பாக்கி, 8,600 ரூபாய். அதற்கு அபராதம், வந்து போன செலவு என்று 10,000 ரூபாய். ஆக 18,600.

அந்த அம்மா அன்றிலிருந்து குழாயடிக்குப் போகவில்லை. பத்தாம் வகுப்புப் படிக்கும் மகள் பள்ளியை விட்டுவிட்டுத் தண்ணீர் பிடித்தாள். ஏஜென்சி ஆள் அதோடு விடவில்லை. திருநெல்வேலிப் பக்கம் ஊரில் இருக்கும் தம்பிக்குப் போன் போட்டு, "உங்க அக்கா கடனைக் கட்டாம ஓடப் பார்க்கிறா" என்றிருக்கிறான். மறுநாள் அந்த அம்மா தாலிக்கொடியோடு அடகுக் கடைக்குப் புறப்பட்டுவிட்டார். அடுத்த வீட்டு அக்கா ஒருவர்தான் கையைப் பிடித்து நிறுத்தி, நம் சங்கத்துக்கு அழைத்து வந்தார்.

இங்கே நாங்கள் ஓர் உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். மூன்று வருடத்துக்கு முன்னால் இதே போல் ஓர் அண்ணாச்சி எங்களிடம் வந்தார். நாங்கள் என்ன செய்தோம்? "கடன் வாங்கினா கட்டத்தானே வேணும் அண்ணாச்சி, கொடுத்துத் தொலையுங்க, சங்கத்துக்குக் கெட்ட பேரு வரக்கூடாது" என்று புத்தி சொல்லி அனுப்பினோம். அவரிடம் ஒரு காகிதத்தைக்கூட வாங்கிப் பார்க்கவில்லை. பத்தாம் நாள் அவர் வீடு பூட்டிக் கிடந்தது. குடும்பத்தோடு இரவோடு இரவாகப் போய்விட்டார். எங்கே போனார் என்று இன்றுவரை தெரியாது. அவர் உண்மையில் எவ்வளவு பாக்கி வைத்திருந்தார், பாக்கி இருந்ததா என்பதும் தெரியாது. அந்தப் பழி ஏஜென்சிக்கு மட்டும் உரியதல்ல, எங்களுக்கும் உரியது.

ஆகவே இந்தத் தடவை நாங்கள் புத்தி சொல்லவில்லை. "ரசீது இருக்கா அம்மா?" என்று கேட்டோம். அரிசி டப்பாவுக்கு அடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பை வந்தது. சாயம் போன துண்டுச் சீட்டுகள். உட்கார்ந்து மாதவாரியாக அடுக்கினோம். பாக்கி என்று சொன்ன நாலு தவணையில் மூன்றுக்கு ரசீது இருந்தது! ஒன்றுக்கு மட்டும் இல்லை. அந்த மாதம் மகளுக்குக் காய்ச்சல், கட்டவில்லை என்று அம்மாவே சொன்னார்.

நிறுவனத்துக்குக் கடிதம் எழுதினோம். ரசீதுகளின் நகலை வைத்தோம். கடன் அட்டையின் முழு வரவு வைப்பையும், அபராதம் எந்த ஒப்பந்தப்படி, எந்த மாதத்துக்கு, எவ்வளவு என்ற விவரத்தையும் கேட்டோம். ஏஜென்சிக்குக் கொடுத்த அதிகாரக் கடிதத்தின் நகலையும் கேட்டோம். ஏழு வாரம் இழுத்தார்கள். கடைசியில் வந்த பதில் என்ன தெரியுமா? பாக்கி ஒரு தவணை 2,150 ரூபாய், அபராதம் 300 ரூபாய். பதினெட்டாயிரத்து அறுநூறு எங்கே, இரண்டாயிரத்து நானூற்றைம்பது எங்கே! அம்மா அதைக் கட்டினார். பாக்கி இல்லை என்ற சான்றிதழை வாங்கினார். இப்போது மகள் பள்ளிக்குப் போகிறாள். அம்மா மறுபடி குழாயடிக்குப் போகிறார்.

"அப்படியானால் கடனை ஏமாற்றச் சொல்கிறீர்களா?" என்று நம்மிலேயே சில பெரியவர்கள் கேட்கிறார்கள். இல்லை, ஐயா! வாங்கியதைக் கொடுப்பது நம் பழக்கம். ஆனால் வாங்காததைக் கொடுப்பது நாணயமல்ல, பயம். மளிகைக் கடையில் பத்து ரூபாய் அதிகம் போட்டால் சீட்டை வாங்கி எண்ணிப் பார்க்கிறோம். பதினெட்டாயிரத்துக்குச் சீட்டுக் கேட்க மட்டும் ஏன் கூச்சம்?

கணக்குத் தெரியாத கடன் நம் இனத்துக்குப் புதிதுமல்ல. கங்காணி கூட்டிக்கொண்டு போய் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் சேர்த்த காலத்தில் 'துண்டு' என்று ஒரு சீட்டு இருந்தது. இவ்வளவு கடனைத் தீர்த்தால் இந்தக் கூலியை விடுவிப்போம் என்று துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு. அதில் எழுதியிருந்த தொகையைப் படிக்கத் தெரியாமலே நம் முன்னோர் தோட்டம் தோட்டமாக மாறினார்கள். 1921இல் அந்த முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. நூறு ஆண்டு கழிந்த பிறகும் படிக்க முடியாத காகிதத்தில் கைநாட்டு வைப்போமானால், துண்டு போயிற்று என்று எப்படிச் சொல்வது?

சட்டம் என்ன சொல்கிறது?

சிறுகடன்களுக்கு 2022 மார்ச்சில் ரிசர்வ் வங்கி விதி வகுத்தது. கடன் வாங்கியவருக்குப் புரியும் மொழியில் கடன் அட்டை கொடுக்க வேண்டும். கட்டிய ஒவ்வொரு தவணையும் அதில் பதிய வேண்டும். காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் வசூலுக்காகக் கூப்பிடக் கூடாது. உறவினரை, நண்பரை, கூட வேலை செய்பவரைத் தொந்தரவு செய்யக் கூடாது. மற்ற கடன்களுக்கும் 2022 ஆகஸ்டில் கட்டளை வந்தது: காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் தொலைபேசியில் அழைக்கக் கூடாது, மிரட்டுவதும் பலர் முன் அவமானப்படுத்துவதும் கூடாது, ஏஜென்சி செய்யும் அத்துமீறலுக்கு அதை ஏவிய நிறுவனமே பொறுப்பு. குழாயடியில் ஆறு மணிக்கு வந்தவன் இந்த விதிகளில் எத்தனையை மீறினான் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்!

இன்னொன்று. வங்கிகளுக்கு 2008இலேயே ரிசர்வ் வங்கி சொன்னது: வசூலுக்குப் போகிறவன் அடையாள அட்டையும் வங்கியின் அதிகாரக் கடிதமும் வைத்திருக்க வேண்டும்; கடன்காரர் நியாயமான புகார் கொடுத்திருந்தால் அது தீரும்வரை அந்தக் கணக்கை ஏஜென்சிக்கு அனுப்பக் கூடாது. ஆகவே வாய்ச்சண்டை போடாதீர்கள். எழுத்தில் புகார் கொடுங்கள். காகிதம்தான் அவர்களை நிறுத்தும்.

"போலீசைக் கூட்டி வருவேன், ஜெயில்" என்கிறான் ஏஜென்சி ஆள். வெறும் கடன் பாக்கி குற்ற வழக்கல்ல; அது உரிமையியல் வழக்கு. 1980இல் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் இருந்த உச்ச நீதிமன்ற அமர்வு, கொடுக்க வழியில்லாத ஏழையைக் கடனுக்காகச் சிறையில் தள்ள முடியாது என்று தீர்ப்பளித்தது. பணக் கடன் தீர்ப்பை நிறைவேற்ற எந்தப் பெண்ணையும் கைது செய்யக் கூடாது என்கிறது உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 56ஆம் பிரிவு. சமையல் பாத்திரம், படுக்கை, உடுதுணி, கைவினைஞரின் கருவி ஆகியவற்றை ஜப்தி செய்யக் கூடாது என்கிறது 60ஆம் பிரிவு. நீதிமன்றமே தொட முடியாத பாத்திரத்தை ஏஜென்சி ஆள் எப்படித் தூக்குவான்? ஆனால் ஓர் எச்சரிக்கை: காசோலை கொடுத்து, அது பணமில்லாமல் திரும்பினால் குற்ற வழக்கு வரலாம். வங்கிக் கணக்கிலிருந்து தானாகத் தவணை பிடிக்கக் கையெழுத்திட்டிருந்தாலும் அப்படியே. அத்தகைய நோட்டீசு வந்தால் அன்றே வக்கீலைப் பாருங்கள்.

பழைய கடனைக் கிளறிக்கொண்டு வருகிறவர்களிடம் மிகுந்த கவனம் தேவை. கைக்கடனுக்கும் ஈடில்லாத கடனுக்கும் வழக்குப் போடப் பொதுவாக மூன்று ஆண்டுதான் கெடு. அந்தக் கெடு முடியுமுன் ஒரு சிறு தொகை கட்டிக் கையெழுத்திட்டாலும், கடன் உண்டு என்று எழுதிக் கொடுத்தாலும், மூன்று ஆண்டு புதிதாகத் தொடங்கிவிடும். கெடு முடிந்த பிறகும்கூட, தருகிறேன் என்று கையெழுத்திட்டால் அது கட்டுப்படுத்தும். "சும்மா ஐந்நூறு கட்டுங்க, ஒரு கையெழுத்துப் போடுங்க" என்று ஏஜென்சி ஆள் கெஞ்சுவது எதற்கென்று இப்போது விளங்குகிறதா?

செய்ய வேண்டியது இதுதான். வருகிறவனின் அட்டையைக் கேளுங்கள். பெயரையும் நேரத்தையும் எழுதி வையுங்கள். முழுக் கணக்கு வரும்வரை வசூல்காரன் கையில் ரொக்கம் கொடுக்காதீர்கள், படிக்காமல் கையெழுத்திடாதீர்கள். நிறுவனத்துக்கு எழுதி, ஸ்பீடு போஸ்டில் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். முப்பது நாளில் பதில் இல்லையென்றாலோ, பதில் நியாயமில்லையென்றாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்குக் கட்டணமின்றிப் புகார் செய்யலாம். வழக்கு என்று வந்தால், பெண்களுக்கும், தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்களுக்கும், ஆலைத் தொழிலாளருக்கும் 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி இலவச சட்ட உதவி உண்டு.

மோட்டார் சைக்கிளில் வந்த அந்தப் பையனைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவன் பக்கத்துத் தெருத் தமிழ்ப் பையன்தான். வண்டிக்குத் தவணை கட்ட முடியாமல் இந்த வேலைக்குப் போனவன். அவன் மேல் கை வைக்காதீர்கள். அவனையும் வாட்டுவது அதே தவணைதான். "தம்பி, உன்னை அனுப்பியவனிடம் கணக்கு வாங்கி வா" என்று மட்டும் சொல்லுங்கள்.

எங்கள் சங்கம் ஒரு முடிவு எடுத்திருக்கிறது. ஞாயிறுதோறும் மாலையில் சங்க அறையில் இருவர் உட்கார்ந்திருப்பார்கள். ரசீதையும் கடன் அட்டையையும் எடுத்து வாருங்கள். எண்ணிப் பார்ப்போம், கடிதம் எழுதுவோம், குழாயடியில் உங்களோடு நிற்போம். பூட்டிய வீடு இன்னொன்று நம் தெருவில் இருக்கக் கூடாது.

கொடுக்க வேண்டியதைக் கொடுப்போம். அதற்கு மேல் ஒரு காசும் கொடோம்!
கணக்கைக் காட்டு, பிறகு காசைக் கேள்!