கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க, சார்!

தாம்பரத்திலிருந்து பீச் போகிற எலெக்ட்ரிக் டிரெயினில் மூன்று பேர் உட்கார்ந்திருக்கிற சீட்டுக்கு முன்னால் நாலாவதாக ஒருவர் வந்து நிற்பார். வலது கையால் காற்றை லேசாகத் தள்ளுவார். "சார், கொஞ்சம் அட்ஜஸ்ட்..." அவ்வளவுதான், வாக்கியத்தைக்கூட முடிக்க மாட்டார். நாம் மூவரும் மூச்சை உள்ளே இழுத்துக்கொள்வோம். பல்லாவரத்தில் கால்வாசி உட்கார்ந்தவர், சைதாப்பேட்டை வருவதற்குள் முழுசாக உட்கார்ந்திருப்பார். ஜன்னலோரத்து ஆசாமிதான் ஜன்னலுக்கு வெளியே போகாத குறை.

இங்கிலீஷ்காரன் நமக்கு விட்டுவிட்டுப் போன வினைச்சொற்களில் இந்த அட்ஜஸ்ட் மாதிரி உழைக்கிற சொல் வேறு இல்லை. அவன் ஊரில் அதற்கு அவ்வளவு வேலை கிடையாது. டையை அட்ஜஸ்ட் பண்ணுவான். மூக்குக் கண்ணாடியை, கைக்கடிகாரத்தை, கார் சீட்டை அட்ஜஸ்ட் பண்ணுவான். புது ஊருக்கு, புது வேலைக்கு அட்ஜஸ்ட் ஆவதும் உண்டு. ஆனால் எதை, எதற்கு என்று சொல்லிவிடுவான்.

நாம்? 'ப்ளீஸ் அட்ஜஸ்ட்'. முற்றுப்புள்ளி. எதை என்று கேட்கக்கூடாது. பள்ளிக்கூடத்தில் தமிழய்யா செயப்படுபொருள் குன்றிய வினை, குன்றா வினை என்று சொல்லிக்கொடுத்தாரே, ஞாபகம் இருக்கிறதா? நம் ஊர் அட்ஜஸ்ட் மூன்றாவது வகை. இதில் செயப்படுபொருள் நாமேதான்!

பெங்களூரில் 'ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி' என்பார்கள். கன்னடம் தெரியாமல் வேலைக்குப் போகிற நம் பையன்கள் முதலில் கற்றுக்கொள்கிற வாக்கியங்களில் இதுவும் ஒன்று.

வீட்டைக் காலி பண்ணும்போது, "கடைசி ரெண்டு மாச வாடகையை அட்வான்ஸ்ல அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க." கடையில் சில்லறை இல்லாவிட்டால், "மிட்டாய் தரேன், அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க சார்." லீவு கேட்டால் மேனேஜர், "வர்ற ஞாயித்துக்கிழமை வந்து அட்ஜஸ்ட் பண்ணிடுங்க."

இந்தச் சொல்லை ஒழுங்காக நடத்துகிற ஒரே இடம் அக்கவுன்ட்ஸ் செக்‌ஷன். மார்ச் 31 வந்தால் அட்ஜஸ்ட்மென்ட் என்ட்ரி போடுவோம். கொடுக்க வேண்டிய பாக்கி, வர வேண்டிய பாக்கி எல்லாவற்றையும் அந்தந்த வருஷத்துக் கணக்கில் சேர்க்கிற வேலை. ஒரு பக்கம் பற்று எழுதினால் இன்னொரு பக்கம் வரவு எழுதியே தீரணும். ஒரு பக்கம் மட்டும் அட்ஜஸ்ட் பண்ணினால் கணக்கு டேலி ஆகாது.

வெளியே அந்தச் சட்டம் செல்லாது. மலையாள சினிமாவில் பெண்களின் நிலைமை பற்றி நீதிபதி ஹேமா கமிட்டி கொடுத்த அறிக்கை 2024 ஆகஸ்டில் வெளியே வந்தது. அந்தத் துறைப் பெண்களுக்கு மிகவும் பழகிப்போன வார்த்தைகள் என்று அதில் இரண்டைச் சொல்லியிருந்தார்கள். ஒன்று காம்ப்ரமைஸ். இன்னொன்று, நம்ம அட்ஜஸ்ட்மென்ட். என்ன அர்த்தம் என்று நான் விளக்க வேண்டியதில்லை. டிரெயினில் சிரித்துக்கொண்டே சொல்கிற அதே வார்த்தைதான்.

இந்தச் சொல்லின் பூர்வீகத்தைத் தேடி அகராதியைப் புரட்டினேன். 'ஜஸ்டிஸ்' என்கிற நீதிதான் உள்ளே ஒளிந்திருக்கும் என்று நினைத்தேன். இல்லை! லத்தீனில் 'யுக்ஸ்தா' என்றால் பக்கத்தில் என்று அர்த்தம். பக்கத்தில் கொண்டுவந்து சேர்ப்பது என்ற பொருளில் பழைய பிரெஞ்சு வழியாக வந்த சொல். நடுவில் அதை நியாயம் என்று பொருள்படும் 'ஜஸ்ட்' என்ற சொல்லோடு சேர்த்துக் குழப்பிவிட்டார்கள். ஆக, அட்ஜஸ்ட்டுக்குள் நெருக்கம் உண்டு. நியாயம், பார்வைக்கு மட்டும்தான்.

போன மாதம் அக்கா பையனுக்குப் பெண் பார்க்கப் போனோம். தாய்மாமன் என்பதால் எனக்கு முன்வரிசை. கேசரி, பஜ்ஜி எல்லாம் ஆனது. அக்கா ஆரம்பித்தாள்.

"எங்க பையன் தங்கம். கொஞ்சம் முன்கோபம். ராத்திரி வர லேட்டாகும். சாப்பாட்டுல உப்பு ஒரு கல் கூடிட்டா தட்டு பறக்கும். மத்தபடி தங்கம். பொண்ணுதான் கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கணும்."

பெண் தலையை நிமிர்த்தி, ரொம்ப மரியாதையாகக் கேட்டது: "சரிங்க ஆன்ட்டி. அவர் எதை அட்ஜஸ்ட் பண்ணிப்பார்?"

மேலே சுற்றிக்கொண்டிருந்த ஃபேன் சத்தம் அப்போதுதான் எங்களுக்குக் கேட்டது. எல்லோரும் பையனைப் பார்த்தோம். பையன் பஜ்ஜியைப் பார்த்தான்.

திரும்பும்போது காரில், "வாய் நீளம்" என்று அக்கா தீர்ப்பு சொன்னாள். நானும் தலையாட்டினேன். பையன் மட்டும் பேசவே இல்லை. வீடு வரைக்கும் யோசித்துக்கொண்டே வந்தான். நல்ல அறிகுறி.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் ஜோக் மாதிரி இதைச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. "நல்ல கேள்விதானே?" என்றாள்.

விட்டிருக்கலாம். விதி யாரை விட்டது? "நீ அப்படி என்னத்தை அட்ஜஸ்ட் பண்ணியிருக்கே, சொல்லு பார்ப்போம்" என்றேன்.

"எந்த வருஷத்துக் கணக்கு வேணும்?"

"சும்மா ஒண்ணு சொல்லு."

அவள் கொஞ்சம் யோசித்து, எது சின்னது என்று பொறுக்கி எடுத்த மாதிரி சொன்னாள். "எனக்குக் காபி பிடிக்காதுங்க. எங்க வீட்டுல டீதான்."

கல்யாணமாகி 22 வருஷம். தினமும் காலையில் எதிரெதிரே உட்கார்ந்து ஃபில்டர் காபி குடித்திருக்கிறோம். "ஏன் இத்தனை நாளாச் சொல்லலை?"

"நீங்க கேக்கலை."

ராத்திரி தூக்கம் வரவில்லை. அக்கவுன்ட்ஸ் ஆசாமி இல்லையா, கணக்குப் போட்டேன். வருஷத்துக்கு 365 வீதம் 22 வருஷம். லீப் வருஷத்தை விட்டாலும் 8,030. பிறந்த வீட்டுக்குப் போன நாட்களைக் கழித்தால் சுமார் 8,000 காபி. எல்லாம் ஒரே பக்கத்தில் எழுதிய பற்று. சின்னதே இப்படி என்றால், அவள் சொல்லாமல் விட்ட பெரிய அயிட்டங்கள் என்னென்ன? கேட்கத் தைரியம் வரவில்லை. ஆனால் கேட்கத்தான் வேண்டும்.

மறுநாள் காலையில் அவள் எழுந்திருப்பதற்கு முன்னால் சமையலறைக்குப் போய் நானே டீ போட்டேன். பாதி அடுப்பில், பாதி டம்ளரில். அவள் ஒரு வாய் குடித்துவிட்டு, "பரவாயில்லை" என்றாள்.

நானும் ஒரு வாய் குடித்துப் பார்த்தேன். கஷாயம்!

அட்ஜஸ்ட் பண்ணிக்கொண்டேன். இன்னும் 7,999 பாக்கி.