முள் தேய்ந்தால் முள்ளை மாற்றுங்கள்

பி. சுசீலாவின் பழைய எல்.பி. ஒன்று சுழல்கிறது. முதல் இரண்டு பாட்டில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நடுவில் ஒட்டிய லேபிளை நெருங்க நெருங்கக் குரல் கரகரக்கிறது. ‘ச’, ‘ஸ’ வரும் இடமெல்லாம் கடுகு பொரிவதுபோல் ஒரு சத்தம். தட்டைத் துடைத்தும் போகவில்லை. பிளேயரைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனால், “கார்ட்ரிட்ஜ் போயிடுச்சு சார், புதுசு போட்டுடலாம்” என்ற பதில் வரக்கூடும். சரி என்று தலையாட்டுவதற்கு முன், “முள்ளை மட்டும் மாத்தினா போதாதா?” என்று ஒரு கேள்வி கேட்டுவிடுவது நல்லது. வீடுகளில் அதிகம் இருக்கும் மூவிங் மேக்னட் வகை என்றால், பெரும்பாலும் போதும்.

ஏன் போதும் என்பதற்குக் கார்ட்ரிட்ஜின் உள்ளே எட்டிப்பார்க்க வேண்டும். தீக்குச்சியைவிட மெல்லிய ஒரு அலுமினியக் குழாய். அதன் ஒரு நுனியில் கண்ணுக்குச் சரியாகத் தெரியாத வைரத் துணுக்கு, மறுமுனையில் குட்டிக் காந்தம். குழாயைத் தாங்கிப் பிடிக்க ஒரு ரப்பர் வளையம். ஸ்டைலஸ் என்று விற்கப்படும் முள்ளை வாங்கினால் இவை அத்தனையும் சேர்ந்தே வருகின்றன. கார்ட்ரிட்ஜின் கூட்டில் மிஞ்சுவது செப்புக் கம்பிச் சுருளும் அதைச் சுற்றிய உலோகமும்தான். அசையாத பொருள் எப்படித் தேயும்?

வைரம் தேயுமா என்று கேட்பவர்கள் ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எல்.பி. நிமிடத்துக்கு 33⅓ சுற்று சுற்றுகிறது. ஒரு சுற்றின் சராசரி நீளம் சுமார் 65 செ.மீ. ஆயிரம் மணி நேரம் ஓடினால் முள் 1,300 கிலோமீட்டர் உரசியிருக்கும். சென்னையிலிருந்து கன்னியாகுமரி போய்த் திரும்புவதற்குக் கொஞ்சம்தான் குறைவு, அதுவும் சுமார் 2 கிராம் எடையைச் சுமந்தபடி. ஆடியோ டெக்னிகா நிறுவனம் தன் சாதாரண நீள்வட்ட முள்ளுக்குச் சொல்லும் ஆயுள் 300 மணி நேரம், மைக்ரோலீனியர் முள்ளுக்கு 1,000. நீள்வட்ட முள்ளுக்கான பயணம் திருச்சியைத் தாண்டியதுமே முடிந்துவிடுகிறது. அதன்பிறகும் ஓட்டினால், தேய்ந்து விளிம்பு கூர்மையான வைரம் உளிபோலப் பள்ளத்தைச் செதுக்கத் தொடங்கும். முள் புதிதாகக் கிடைக்கும். சுசீலாவின் அந்தத் தட்டு கிடைக்காது.

வேலையிலும் வித்தியாசம் உண்டு. முள்ளை மாற்ற, பழையதை மெல்ல இழுத்து எடுத்துப் புதியதைச் செருகினால் தீர்ந்தது. கார்ட்ரிட்ஜ் என்றால் 12.7 மி.மீ. இடைவெளியில் இரண்டு திருகு, சிவப்பு, பச்சை, வெள்ளை, நீலம் என்று முடிபோன்ற நான்கு வயர், அளவு அட்டையை வைத்துக் கோணம் பார்ப்பது, எடையைத் திரும்ப நிறுத்துவது என்று ஒரு மாலைப்பொழுதே போய்விடும்.

இவ்வளவு இருந்தும் புதியதையே வாங்கத் தோன்றுவதற்கு விலைப் பட்டியல்தான் காரணம். பல மாடல்களில் வெறும் முள்ளே முழுக் கார்ட்ரிட்ஜின் விலையில் முக்கால் பங்குக்கு விற்கிறது. இன்னும் கொஞ்சம் போட்டால் முழுசே வந்துவிடுமே என்று யாருக்கும் மனம் தாவும். ‘பழுது பார்க்கும் உரிமை’க்காக இந்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் ஒரு இணையதளம் திறந்தது. உதிரிப் பாகம் கிடைக்கிறது, ஆனால் கிட்டத்தட்ட முழுப் பொருளின் விலையில் கிடைக்கிறது என்றால் அந்த உரிமை வெறும் காகிதம்தான்.

கூட்டின் ஆயுளுக்கு ஷ்யூர் கார்ட்ரிட்ஜுகளே சாட்சி. அந்த அமெரிக்க நிறுவனம் 2018இல் கார்ட்ரிட்ஜ் தயாரிப்பையே நிறுத்திவிட்டது. ஆனால் 1970களில் வந்த அதன் வி15 டைப் 3 இன்றும் பல வீடுகளில் பாடுகிறது. ஜப்பானின் ஹியோகோ பகுதியில் ஒரு காலத்தில் தையல் ஊசி செய்துவந்த ஜிகோ நிறுவனம் அதற்கு முள் செய்து கொடுக்கிறது. பெற்றவர் கைவிட்ட பிள்ளையைப் பக்கத்து வீட்டுக்காரர் வளர்ப்பதுபோல.

எல்லாக் கார்ட்ரிட்ஜுக்கும் இது பொருந்தாது. 1962இலிருந்து வரும் டெனான் டிஎல்-103 போன்ற மூவிங் காயில் வகையில் முள்ளை வீட்டில் கழற்ற முடியாது. பரணில் கிடக்கும் பழைய பெட்டி பிளேயர்களில் கிறிஸ்டல் கார்ட்ரிட்ஜ் இருந்தால் முள் வாங்குவது வீண் செலவு. அதன் உள்ளே இருப்பது ரோஷெல் உப்பு. நம் ஊர் வெக்கையும் ஈரமும் அதற்கு எமன்.

மூவிங் மேக்னட்டிலும் சுருள் அறுந்து ஒரு பக்கம் ஊமையாகலாம். கண்டுபிடிக்க எளிய வழி, கார்ட்ரிட்ஜின் பின்னால் இடது வலது வயர்களை மாற்றிச் செருகுவது. மௌனம் அடுத்த ஸ்பீக்கருக்குத் தாவினால் கார்ட்ரிட்ஜ்தான் குற்றவாளி. முள் புதிதாக இருந்தும் அப்படி என்றால் புதுக் கார்ட்ரிட்ஜ் வாங்க வேண்டியதுதான். தாவாமல் பழைய பக்கமே நின்றால் கோளாறு வயரிலோ ஆம்ப்ளிஃபயரிலோ இருக்கிறது. அதற்குக் கார்ட்ரிட்ஜைப் பலி கொடுக்க வேண்டாம்.

இன்னும் துல்லியமான ஒலி வேண்டும் என்பவர்களும் உடனே கூட்டை மாற்றத் தேவையில்லை. ஆர்டோஃபோன் 2எம் ரெட் கூட்டில் அதைவிட உயர்ந்த 2எம் புளூ முள் அப்படியே உட்காரும். ஆடியோ டெக்னிகாவின் விஎம்95 வரிசையில் ஆறு வகை முள்ளுக்கும் ஒரே கூடுதான். அதில் எஸ்பி என்ற முள் 78 வேகத் தட்டுகளுக்கானது. பிளேயரில் மட்டும் அந்த வேகம் இருந்தால், எல்.பி. முள்ளை உருவிவிட்டு இதைச் செருகி, எடையை 5 கிராமுக்குத் திருகி வைக்கலாம். சற்று முன்பு சுசீலா பாடிய அதே கார்ட்ரிட்ஜில் தியாகராஜ பாகவதர் பாடத் தொடங்குவார்.